ஒருமனதாக

1

தமிழ் அரசியல் உரைநடையில் மிகவும் தேய்ந்துபோன சொல் எது என்று கேட்டால் ‘புரட்சி’ என்று பலர் சொல்லக்கூடும். ‘ஒருமனதாக’ என்பது என் பதில். ‘புரட்சி’ தேய்ந்துவிட்டது என்பதை அதைச் சொல்கிறவர்களே அறிவார்கள். ‘ஒருமனதாக’ இன்னும் கம்பீரமாக நடமாடிக்கொண்டிருக்கிறது. பொதுக்குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. செயற்குழு ஒருமனதாக ஏற்றது. தலைவர் போட்டியின்றி ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாளிதழில் இந்த வாக்கியங்களைப் படிக்கும்போது நமக்கு எந்த உறுத்தலும் ஏற்படுவதில்லை. ஒரு கவிதையில் வேண்டாத உரிச்சொல் ஒன்று விழுந்துவிட்டால் மூன்று பக்கம் கண்டனம் எழுதுகிற நாம், இந்தச் சொல்லை மட்டும் வழிவிட்டு அனுப்பிவிடுகிறோம்.

கணக்கைப் பார்க்கலாம். 1969-ல் தி.மு.க.வின் தலைவரான மு. கருணாநிதி 2018-ல் மறையும்வரை, 49 ஆண்டுகள், அப்பதவியில் இருந்தார். அவருக்குப்பின் 2018 ஆகஸ்டில் மு.க. ஸ்டாலின் போட்டியின்றித் தேர்வானார்; 2022-லும் போட்டியின்றியே. அ.தி.மு.க.வில் 2023 மார்ச்சில் எடப்பாடி பழனிசாமி போட்டியின்றிப் பொதுச்செயலாளரானார். ஆளுக்கு ஒரு கோடி உறுப்பினர் என்றும் இரண்டு கோடி என்றும் சொல்லிக்கொள்கிற கட்சிகள் இவை. இத்தனை மனங்களும் ஒரே மனமாகிவிட்டன என்பதை நம்பினால் அது அத்வைதம், நம்பாவிட்டால் பொய். மூன்றாவது வழி எனக்குத் தெரியவில்லை.

இதைப்பற்றி ஒரு சிற்றிதழில் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கப்படும். நம் பக்கங்களில் அரசியல் கட்சிகளைக் குறித்து இரண்டே இரண்டு அபிப்ராயங்கள் புழங்குகின்றன. முதலாவது: கட்சிகள் வெகுஜன விவகாரம், படைப்பு மனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டாவது: இரண்டு கழகங்களும் ஒன்றுதான், ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள், அமெரிக்காவைப்போல் கொள்கை வழிப்பட்ட இருகட்சி முறை நமக்கு வாய்க்கவில்லை. முதல் அபிப்ராயம் சோம்பல். இரண்டாவது சோம்பலோடு அறியாமையும் சேர்ந்தது. ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்பதால் இரண்டையும் சேர்த்தே விசாரிக்கலாம்.

2

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

1967 முதல் 2021 வரை தமிழ்நாட்டில் 13 சட்டமன்றப் பொதுத்தேர்தல்கள் நடந்தன. தி.மு.க. 6 முறை, அ.தி.மு.க. 7 முறை. இடையில் வேறெவரும் இல்லை. இதை மக்களின் அறியாமை என்றோ சினிமா மோகம் என்றோ சொல்லிவிட்டுப் போவது நம் வழக்கம். ஆனால் அமெரிக்காவில் 1850-களின் இறுதியிலிருந்து இன்றுவரை ஆட்சி டெமாக்ரடிக், ரிபப்ளிகன் என்ற இரு கட்சிகளுக்குள்ளேயே சுற்றிவருகிறதே, அதற்கு எந்த நடிகர் காரணம்?

பிரெஞ்சு அறிஞர் மொரீஸ் துவெர்ழே 1951-ல் வெளியிட்ட அரசியல் கட்சிகள் பற்றிய நூலில் இதற்கு எளிமையான விளக்கம் சொன்னார். ஒரு தொகுதிக்கு ஒரே உறுப்பினர், அதிக வாக்கு வாங்கியவர் வென்றார் என்கிற எண்ணும் முறை இருக்குமிடத்தில், காலப்போக்கில் போட்டி இரண்டு தரப்புகளாகத் திரண்டுவிடும். மூன்றாவது கட்சிக்கு விழும் ஓட்டு இடமாக மாறாது. மாறாது என்று தெரிந்தபின் வாக்காளனும் அதற்கு ஓட்டுப்போட யோசிப்பான்.

இந்த விதிக்கு நம் ஊரைவிட நல்ல பரிசோதனைச் சாலை கிடைக்காது. 2006-ல் தே.மு.தி.க. தனியாக நின்று 8.4 சதவீத வாக்கு வாங்கியது. கிடைத்த இடம் 1. 2011-ல் அ.தி.மு.க. கூட்டணியில் நின்று 7.9 சதவீதம் வாங்கியது. கிடைத்த இடங்கள் 29. வாக்கு குறைந்தது, இடம் பெருகியது. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1992-ல் ராஸ் பெரோ ஏறத்தாழ 19 சதவீத வாக்கு வாங்கினார். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களில் ஒருவர்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1967-ல் இங்கே காங்கிரஸ் வீழ்ந்த தேர்தலையே பாருங்கள்: காங்கிரசும் தி.மு.க.வும் ஆளுக்கு ஏறத்தாழ 41 சதவீதம், காங்கிரசுக்கு ஓர் இழை கூடுதல் என்றுகூடச் சொல்லலாம். இடங்களோ 51-க்கு 137. அண்ணாதுரை ராஜாஜியையும் இடதுசாரிகளையும் ஒரே பந்தலுக்குக் கீழ் கொண்டுவந்தார். எண்ணும் முறை மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

ஆகவே இரண்டு கட்சிகள் இருப்பதும், நடுவிலுள்ள வாக்காளனைப் பிடிக்க இரண்டும் ஒன்றுபோல ஆவதும் நம் பண்பாட்டின் தனிச்சீரழிவு அல்ல. 1950-ல் அமெரிக்க அரசியல் அறிவியலாளர் சங்கத்தின் குழுவொன்று, தங்கள் கட்சிகள் இரண்டும் போதிய வேறுபாடு இல்லாமல் இருக்கின்றன, பொறுப்புள்ள கொள்கைக் கட்சிகளாக அவை மாற வேண்டும் என்று அறிக்கையே தந்தது. இன்று அதே நாட்டு அறிஞர்கள், கட்சிகள் இவ்வளவு தூரம் விலகிப் போய்விட்டனவே என்று கவலைப்படுகிறார்கள். நாம் எந்த அமெரிக்காவைப் பார்த்து ஏங்குகிறோம்?

‘இரண்டும் ஒன்று’ என்று சொல்கிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1968-ல் மூன்றாம் வேட்பாளராக நின்ற ஜார்ஜ் வாலஸ், இரண்டு கட்சிக்கும் பத்து சென்ட் வித்தியாசம்கூடக் கிடையாது என்று மேடைதோறும் முழங்கினார். அவர் இன ஒதுக்கலின் பிரதிநிதி. 1964-ன் சிவில் உரிமைச் சட்டமும் 1965-ன் வாக்குரிமைச் சட்டமும் வந்த சூடு ஆறாத நேரம் அது. கறுப்பினத்தவன் ஓட்டுச்சாவடிக்குள் நுழைய முடிந்ததா இல்லையா என்கிற வித்தியாசம் அவருக்கு மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். தெரிந்ததனால்தான் வித்தியாசமே இல்லை என்றார். நம் அறிவுஜீவிகளுக்கு அப்படி உள்நோக்கம் இல்லை. ஆனால் மதிய உணவில் முட்டை உண்டா இல்லையா, அரிசி என்ன விலை, இடஒதுக்கீடு எத்தனை சதவீதம் என்கிற வித்தியாசங்கள் யார் வீட்டு அடுப்பில் தெரிகின்றனவோ அவர்கள் ‘இரண்டும் ஒன்று’ என்று சொல்வதை நான் அதிகம் கேட்டதில்லை.

3

அமெரிக்காவிடமிருந்து கற்க வேண்டியது கொள்கை அல்ல என்றால் எது? அந்தக் கட்சிகளின் கதவு.

1787-ல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தில் கட்சி என்ற பேச்சே கிடையாது. அதை எழுதியவர்கள் கட்சியை நோயாகக் கருதினார்கள். கோஷ்டிகளின் தீங்கைக் கண்டித்து எழுதிய மேடிசனே சில ஆண்டுகளில் ஜெஃபர்சனோடு சேர்ந்து ஒரு கட்சியை உண்டாக்கினார். 1796-ல் வாஷிங்டன் விடைபெறும்போது கட்சி மனப்பான்மையை எச்சரித்துவிட்டுப் போனார்; யாரும் கேட்கவில்லை. ஆரம்பத்தில் ஜனாதிபதி வேட்பாளரை நாடாளுமன்றத்துக் கட்சி உறுப்பினர்கள் மூடிய அறையில் கூடி முடிவுசெய்தார்கள். ‘ராஜா கூட்டம்’ என்று ஜனங்கள் அதைக் கேலி செய்தார்கள். 1824-ல் அந்த முறை குலைந்தது. 1830-களில் கட்சி மாநாடு வந்தது: ஊர்களிலிருந்து வந்த பிரதிநிதிகள் வேட்பாளரைத் தேர்ந்தார்கள். கூடவே பதவிகளைப் பங்குபோடும் கொள்ளையும், நியூயார்க்கின் டாமனி ஹால் போன்ற நகரக் கட்சி இயந்திரங்களும் வந்தன. மாநாட்டுப் பிரதிநிதிகள் தரகர்களின் பையில் இருக்கிறார்கள் என்ற ஆத்திரத்தில், 1903-ல் விஸ்கான்சின் மாநிலம் வேட்பாளரை வாக்காளர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. அதுதான் பிரைமரி. கட்சி வேட்பாளர் யார் என்பதற்கே ஒரு தேர்தல், அரசாங்கம் நடத்துகிற தேர்தல்.

இதில் பரவசப்பட ஒன்றுமில்லை. தெற்கு மாநிலங்களில் டெமாக்ரடிக் கட்சி இதே பிரைமரியை வெள்ளையருக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டது. பொதுத்தேர்தலில் அங்கே எதிர்க்கட்சியே இல்லாததால், பிரைமரியில் ஓட்டில்லாதவனுக்கு ஓட்டே இல்லை. கேட்டால், கட்சி ஒரு தனியார் சங்கம், யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் இஷ்டம் என்றார்கள். 1944-ல் ஸ்மித் எதிர் ஆல்ரைட் வழக்கில் உச்சநீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்தது. மக்களை ஆளப்போகிறவனைத் தேர்ந்தெடுக்கும் காரியத்தின் ஒரு பகுதி எங்கே நடந்தாலும் அது பொதுக்காரியம். கட்சி ஆபீசுக்குள் நடப்பதால் அது தனியார் விவகாரம் ஆகிவிடாது. கட்சிகளைப்பற்றி 20-ஆம் நூற்றாண்டில் சொல்லப்பட்ட முக்கியமான கருத்து இதுவென்று நான் கருதுகிறேன். 1968-ல் ஒரு பிரைமரியில்கூட நிற்காத ஹம்ப்ரி டெமாக்ரடிக் வேட்பாளரானபோது சிகாகோத் தெருக்களில் என்ன நடந்தது என்பது தெரிந்ததே. அதன்பிறகு அக்கட்சி தன் விதிகளை மாற்றிக்கொண்டது, பிரைமரிகள் பெருகின.

பணம் புகுந்திருக்கிறது, உரத்த குரலெடுப்பவனுக்கு அனுகூலம் இருக்கிறது, பிரைமரியில் ஓட்டுப்போட வருகிறவர்கள் குறைவு. எல்லாம் உண்மை. ஆனால் தலைமைக்குப் பிடிக்காத ஒருவன் ஊரைக் கூட்டித் தன் கட்சியின் சின்னத்தைத் தலைமையிடமிருந்து பறிக்க அங்கே ஒரு கதவு இருக்கிறது. நம்மிடம் அமெரிக்காவின் குறுகல் அவ்வளவும் இருக்கிறது, கதவு மட்டும் இல்லை. நம் கட்சிக்காரன் விருப்ப மனு வாங்கிப் பணம் கட்டுவான், நேர்காணலுக்குப் போவான், பட்டியல் வரும். பட்டியல் வந்த விதம் யாருக்கும் தெரியாது.

4

இது நம் மண்ணுக்கு ஒத்துவராத சரக்கு என்ற வாதம் தயாராக இருக்கும். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை.

1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் பதவிக்குக் காமராஜும் சி.பி. சுப்பையாவும் போட்டியிட்டார்கள். ஒருபுறம் சத்தியமூர்த்தி, மறுபுறம் ராஜாஜி. காமராஜுக்கு 103, சுப்பையாவுக்கு 100. மூன்று ஓட்டில் ஒரு சகாப்தம் திரும்பியது. 1954-ல் சட்டமன்றக் காங்கிரஸ் தலைமைக்குக் காமராஜும் சி. சுப்பிரமணியமும் நின்றார்கள்: 93-க்கு 41. தோற்ற சுப்பிரமணியத்தையும், அவருக்காக நின்ற பக்தவத்சலத்தையும் காமராஜ் தம் மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டார். எதிர்த்து நின்றவன் துரோகியல்ல, இன்னொரு கட்சிக்காரன் என்கிற சாதாரண நாகரிகம் அது. இன்று இதைச் சொல்லும்போது புராணக் கதைபோல் ஒலிக்கிறது.

தி.மு.க.வும் இதற்கு விலக்கல்ல. 1949-ல் தொடங்கிய கட்சி, தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்ற கேள்வியை 1956-ல் திருச்சி மாநாட்டுக்குக் கொண்டுபோனபோது, கூடியிருந்தவர்களுக்கு வாக்குப்பெட்டி வைத்தார்கள். கூட்டத்தில் ஆரவாரம் எழுப்பி முடித்திருக்கலாம். அண்ணாதுரையின் பேச்சுக்கு அந்தச் சக்தி இருந்தது. இருந்தும் எண்ணினார்கள். பொதுச்செயலாளர் பொறுப்பையும் அவர் இன்னொருவர் கையில் கொடுத்துப் பார்த்தார். அ.தி.மு.க.வின் விதிகளிலோ, பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எம்.ஜி.ஆர். காலத்திலேயே எழுதப்பட்டது. காகிதத்தில் அமெரிக்காவைத் தாண்டிய ஜனநாயகம். அந்த விதி உயிர்பெற்றது 2022-லும் 2023-லும் நீதிமன்ற வளாகத்தில்தான். உறுப்பினன் கையில் அல்ல.

உள்ளே ஓட்டு இல்லாதபோது கருத்து வேற்றுமை எங்கே போகும்? வெளியே போகும், வேறு கொடியோடு போகும். 1961-ல் ஈ.வெ.கி. சம்பத் பிரிந்து தமிழ்த் தேசியக் கட்சி தொடங்கினார். 1964-ல் அது காங்கிரசில் கரைந்தது. 1972-ல் எம்.ஜி.ஆர். கட்சிக் கணக்கைக் காட்டச் சொன்னார். அக்டோபரில் நீக்கப்பட்டார், அதே மாதம் 17-ஆம் தேதி புதுக்கட்சி கண்டார். கணக்குக் கேட்டுப் பிறந்த அந்தக் கட்சியில் பிறகு கணக்குக் கேட்டவர் உண்டா என்பது வேறு விஷயம். 1994-ல் ம.தி.மு.க. 1996-ல், ஜெயலலிதாவோடு கூட்டு வேண்டாம் என்று தமிழ்நாட்டுக் காங்கிரஸ் முழுவதும் மன்றாடியும் டெல்லி கேட்காததால், மூப்பனார் தனிக்கட்சி கண்டார். எங்கள் சிவகங்கைத் தொகுதியில் காங்கிரஸ்காரராக ஜெயித்துவந்த ப. சிதம்பரம் அந்த ஆண்டு த.மா.கா.வாக ஜெயித்தார். ஓட்டுப்போட்டவர்கள் அதே ஜனங்கள். கட்சிக்குள் ஒரு வாக்கெடுப்பு இருந்திருந்தால் ஒரு மாலையில் முடிந்திருக்கும் விவகாரம், ஒரு கட்சியாகி, 39 சட்டமன்ற இடங்கள் வென்று, 2002-ல் திரும்பிப்போய்ச் சேர்ந்தது. ஒக்கூரைப் போன்ற எந்த ஊர் முக்கிலும் நடப்பட்ட கொடிக்கம்பங்களை எண்ணினால் போதும்: ஒவ்வொரு கம்பமும் நடத்தப்படாத ஒரு தேர்தல்.

வெளியே போகிற வழியையும் 1985-ல் பாதி அடைத்தார்கள். நம் அரசியல் சட்டமும் அமெரிக்கச் சட்டத்தைப்போலவே கட்சிகளைப் பற்றிப் பேசாமல் பிறந்தது. 52-ஆம் திருத்தம் கட்சித்தாவல் தடையைக் கொண்டுவந்தபோதுதான் அரசியல் கட்சி என்பது அதன் பத்தாம் அட்டவணையில் அங்கீகாரத்தோடு குடியேறியது. எதற்காக? கட்சி தன் உறுப்பினனுக்கு எப்படிப் பதில்சொல்ல வேண்டும் என்று விதிக்க அல்ல. உறுப்பினன் கட்சியின் கொறடாவுக்கு எப்படிக் கீழ்ப்படிய வேண்டும் என்று விதிக்க. பதவிக்கு விலைபோனவர்களைத் தடுக்க ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதை மறுக்கவில்லை. ஆனால் விலைபோனவனையும் மாறுபட்டவனையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டார்கள். 2017 செப்டம்பரில் முதல்வரை மாற்றக் கோரி ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 அ.தி.மு.க. சட்டமன்ற உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். எங்கள் மாவட்டத்து மானாமதுரையும் அதில் ஒன்று. அவர்கள் லட்சியவாதிகள் என்று நான் வாதிடவில்லை. கட்சிக்குள் முதல்வரை மாற்றக் கேட்க அவர்களுக்கு வேறென்ன வழி இருந்தது என்பது என் கேள்வி. 1999-ல் சட்ட ஆணையம் தன் 170-ஆவது அறிக்கையில் கட்சிகளின் உள்ஜனநாயகத்தைச் சட்டமாக்கச் சொன்னது. அந்தப் பரிந்துரையை எல்லாக் கட்சிகளும் சேர்ந்து மறந்தன. இது மட்டும் உண்மையிலேயே ஒருமனதாக நடந்தது.

5

இனி நம் துறைக்கு வருகிறேன். இதில் இலக்கிய விமர்சகனுக்கு என்ன வேலை?

கட்சிகள் நம்மிடம் எழுதுகிற மொழியைப் பாருங்கள். ஒருவர் ‘தம்பி’ என்று கடிதம் எழுதினார். அடுத்தவர் ‘உடன்பிறப்பே’ என்றார். இன்னொருவர் ‘ரத்தத்தின் ரத்தமே’ என்றார். பிறகு எல்லோரும் ‘அம்மா’ என்றார்கள். கட்சியை ஒரு குடும்பமாக எழுதிக்காட்டியதுதான் கடந்த முக்கால் நூற்றாண்டில் தமிழ் உரைநடை செய்த மிகப் பெரிய வெகுஜன சாதனை. அதன் அழகையும் மறுக்க முடியாது: பண்ணையார் முன் துண்டை இடுப்பில் கட்டி நின்றவனை ஒரு தலைவர் ‘தம்பி’ என்று அழைத்தபோது அவன் முதுகு நிமிர்ந்தது. அந்த நிமிர்வைக் கேலி செய்கிற மேட்டுக்குடி விமர்சனத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் குடும்பத்தில் ஓட்டெடுப்பு நடக்காது. அண்ணனிடம் தம்பி ரசீது கேட்பதில்லை. அம்மாவை எதிர்த்து யாரும் வேட்புமனுத் தாக்கல் செய்வதில்லை. நிமிரவைத்த அதே சொல், நிமிர்ந்தவனை உட்காரவும் வைத்துவிட்டது.

ஒக்கூர் மாசாத்தியாரை மேடை எப்படி வைத்துக்கொண்டிருக்கிறது என்பதையும் இங்கே பார்க்க வேண்டும். சங்கத் தொகைகளில் அவர் பெயரில் 8 பாடல்கள். ஏழு அகம், ஒன்று புறம். தந்தையையும் கணவனையும் போரில் பறிகொடுத்தபின் ஒரே மகனையும் களத்துக்கு அனுப்புகிற தாயைப் பற்றிய அந்த ஒன்றுதான் மேடைக்குத் தெரியும். தொண்டன் தன்னைத் தரவேண்டிய சந்தர்ப்பங்களிலெல்லாம் அந்தத் தாய் அழைக்கப்படுவாள். சொன்ன காலத்தில் வராதவனை நினைத்து, பருவம் வந்துவிட்டதே என்று பொருமுகிற மற்றப் பாடல்கள் சிலவற்றின் பெண்ணை எந்த மாநாடும் அழைத்ததில்லை. தருகிற தாய் பயன்படுவாள். வாக்கு என்னவாயிற்று என்று கேட்கிற பெண் பயன்பட மாட்டாள். இந்தப் பொறுக்கலைச் சுட்டிக்காட்டுவது விமர்சகனின் வேலை இல்லையென்றால் வேறு யாருடையது?

கட்சியின் உட்புறத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவையும் மிகக் குறைவு. சிறுகூடல்பட்டிக்காரரான கண்ணதாசன் 1957-ல் திருக்கோஷ்டியூரில் தி.மு.க. சார்பில் நின்று தோற்றவர். 1961-ல் சம்பத்தோடு வெளியேறியவர். அவருடைய ‘வனவாசம்’, ஜெயகாந்தனின் ‘ஓர் இலக்கியவாதியின் அரசியல் அனுபவங்கள்’ இரண்டையும் சொல்லலாம். இரண்டும் வெளியே வந்தபின் எழுதப்பட்டவை. உள்ளே இருந்துகொண்டே மாறுபட்டவனின் நூல் ஒன்று தமிழில் ஏன் இல்லை என்பதை யோசித்தால் கட்சிக்கும் நம் உரைநடைக்கும் உள்ள உறவு விளங்கும்.

6

சில மறுப்புகள் வரும். முதலாவது, நல்ல தலைவர் இருந்தால் இந்த ஏற்பாடெல்லாம் எதற்கு என்பது. நான் வேலை செய்கிற இடத்தில் பணப்பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று மேலாளரிடம், மற்றது காசாளரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். இருவரும் யோக்கியர்கள் என்பது அந்த ஏற்பாட்டுக்குப் பொருட்டே இல்லை. யோக்கியனுக்கும் அது பாதுகாப்பு. நாலாயிரம் ரூபாய்க்கு இரண்டு கையெழுத்து கேட்கிற சமூகம், நாட்டை ஆளப்போகிறவர்களின் பட்டியலுக்கு ஒரு கையெழுத்து போதும் என்கிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது. கட்சிக்குள் தேர்தல் வைத்தால் ஊரில் பெரிய ஜாதி ஜெயிக்கும். தலைமை நியமித்தால்தான் சிறிய ஜாதிக்காரனுக்கும் இடம் கிடைக்கும். இதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். தெற்கு அமெரிக்க மாநிலங்களின் வெள்ளையர் பிரைமரி இந்தப் பயம் நிஜமானதற்கு அத்தாட்சி. ஆனால் அங்கே அதற்குக் கிடைத்த மருந்து, ஓட்டை ஒழிப்பதாக இல்லை. ஓட்டை எல்லோருக்கும் திறந்துவிடுவதாக இருந்தது. மேலும், தலைமை நியமிக்கும்போது ஜாதி பார்க்கப்படவில்லையா? தொகுதிவாரியாகத் தலை எண்ணித்தானே பட்டியல் தயாராகிறது? மூடிய அறையில் எண்ணப்படுகிற ஜாதி, வெளிச்சத்தில் எண்ணப்படுகிற ஜாதியைவிட எந்த வகையில் முற்போக்கு?

ஜாதியையும் ‘ஒருமனதா’கவையும் சேர்த்தே பார்க்க வேண்டிய ஊர்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. மதுரை மாவட்டத்தில் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில், தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது என்ற ஒரே காரணத்தால், 1996-லிருந்து 2006 வரை முறையாகத் தேர்தல் நடத்த முடியவில்லை. ஊர் கூடி முடிவெடுத்தது என்றார்கள். யாரும் மனுப் போடக்கூடாது என்பது ஊரின் ஒருமனதான தீர்மானம். மேலவளவில் அந்த மனதுக்கு உட்படாமல் நின்று ஜெயித்த ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997-ல் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். கட்சிப் பொதுக்குழுவின் ‘ஒருமனதாக’வும் ஊர்க்கூட்டத்தின் ‘ஒருமனதாக’வும் வேறுவேறு என்று யாராவது எனக்கு விளக்கினால் நல்லது. இரண்டிலும் எதிர்க்கையை உயர்த்துகிறவனுக்குக் காத்திருப்பது என்ன என்பது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அந்தத் தெரிதலுக்குத்தான் ஒருமனம் என்று பெயர்.

மூன்றாவது, கீழ்மட்ட உறுப்பினனுக்கு இதிலெல்லாம் பழக்கமில்லை என்பது. எங்கள் செட்டிநாட்டில் நகரத்தார் ஒன்பது கோயில்களில் புள்ளிக்கணக்கு உண்டு. இளையாத்தங்குடிக் கோயிலின் உட்பிரிவுகளில் ஒன்றுக்கு ஒக்கூருடையார் என்றே பெயர். மணமான ஆண் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. பிறப்பால் மூடப்பட்ட வட்டம் அது; அதை முன்மாதிரியாக நான் வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எண்ணுவதும், எண்ணப்பட்டவன் உரிமையோடு கணக்கைப் பார்ப்பதும் நம் ஊர்களுக்கு அந்நியமல்ல என்பதற்கு இந்தச் சாட்சி போதும். வங்கி ஊழியர் சங்கத்தில், கூட்டுறவுச் சங்கத்தில், கோயில் கமிட்டியில் ஓட்டுப் போடத் தெரிந்தவனுக்குக் கட்சிக்குள் மட்டும் பழக்கமில்லை என்று சொல்வது அவனைப் பற்றிய கருத்தல்ல. அது தலைமையின் சௌகரியம்.

கேட்க வேண்டியது சிறிய விஷயங்கள். கிளையின் உறுப்பினர் பட்டியல் கிளையின் சுவரில் ஒட்டப்பட வேண்டும். கிளைச் செயலாளரிலிருந்து தலைவர்வரை ரகசிய வாக்கெடுப்பு வேண்டும். அதைக் கட்சியல்லாத ஒரு கை நடத்த வேண்டும். தொகுதி வேட்பாளரை அந்தத் தொகுதியின் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். கொறடாவின் சவுக்கு நம்பிக்கைத் தீர்மானத்துக்கும் வரவுசெலவுத் திட்டத்துக்கும் மட்டுமே ஓங்கப்பட வேண்டும். 2022-ல் காங்கிரஸ் தலைவர் தேர்தலில் கார்கேவுக்கு 7,897, சசி தரூருக்கு 1,072 என்று எண்ணிச் சொன்னார்கள். முடிவு முன்பே தெரிந்த போட்டி என்றார்கள். இருக்கட்டும். 1,072 பேர் வேறு மனம் படைத்தவர்கள் என்பது அச்சில் ஏறியது. அவர்களை யாரும் வெளியேற்றவில்லை. கழகங்களில் அந்த 1,072 எங்கே?

கடைசியாக நம்மைப்பற்றி. சிற்றிதழ் வட்டாரத்தில் ஓர் ஆசிரியர், அவரைச் சுற்றிப் பத்துப் பேர், கருத்து வேறுபட்டால் ஒரு பிளவு, பிளவிலிருந்து இன்னொரு பத்திரிகை. கொடிக்கம்பத்துக்குப் பதில் அட்டைப்படம், அவ்வளவே வித்தியாசம். கழகங்களை வெகுஜனக் கூத்து என்று ஒதுக்குகிறவர்கள் அதே கூத்தை முந்நூறு பிரதிகளில் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். ஆசிரியரின் அபிப்ராயத்துக்கு எதிரான கட்டுரையை அதே இதழில், அதே எழுத்தளவில் போடுகிற பழக்கத்திலிருந்து நாம் தொடங்கலாம். இந்தக் கட்டுரைக்கு மறுப்பு வந்தால் அதையும் சுருக்காமல் வெளியிடுமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.